தோவாளை வழியாகப் போன செங்காவி வண்டி

நாஞ்சில் நாட்டுக்கு ரயில் பிந்தித்தான் வந்தது. வடக்கே திருநெல்வேலியிலும் மேற்கே திருவனந்தபுரத்திலும் வண்டி ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்த பிறகும், எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, நெல்லை ஜங்ஷன் போய்த்தான் மெட்ராஸ் வண்டி ஏறினார்கள். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது. 1981-இல் நெல்லை–நாகர்கோவில் பாதையும் வந்தது. ஆரல்வாய்மொழிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே தோவாளை.

காத்திருந்து கிடைத்ததாலோ என்னவோ, அந்தப் பாதையில் ஓடிய பாசஞ்சர் வண்டி என் மனசில் அப்படியே நிற்கிறது. செங்காவி நிறப் பெட்டி. மரச்சட்டம் அடித்த இருக்கை. ஜன்னலில் குறுக்குக் கம்பிகள். ஒரு கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் இலை இலையாகத் தகடு வைத்த ஷட்டர். ஷட்டரைத் தூக்கிக் கொக்கியில் மாட்டாமல் விட்டால் விரலில் வந்து விழும். கணவாயைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறையும். எதிர் இருக்கையின் கீழே ஈரச்சாக்கு போர்த்திய பூக்கூடைகள் இருக்கும். பிச்சியும் கொழுந்தும் டீசல் புகையும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை அதன் பிறகு வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

வண்டியை இழுத்தது டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின். அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவம். பிறகு வாரணாசியிலேயே செய்தார்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது கரும்புகையை உயரத் தள்ளிவிட்டு, கனத்த தாளத்தோடு மூச்சிழுக்கும். தோவாளை முருகன் கோயில் குன்றில் நிற்பவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

இன்று பாதை இரட்டையாகிவிட்டது, மேலே மின்கம்பி ஓடுகிறது. தொண்ணூறுகளில் செங்காவி மறைந்து நீலம் வந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் செய்துவந்த பழைய வடிவப் பெட்டியின் உற்பத்தி 2018-இல் நின்றது. அதற்குப் பதிலாக வந்த எல்.எச்.பி. பெட்டிகள் இன்னும் பாதுகாப்பானவை, விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் ஏறாது. அதில் எனக்கு மனநிறைவுதான். ஆனாலும் கண் பழைய வண்டியைத் தேடுகிறது.

அதனால்தான் அதை 87-இல் ஒரு பங்கு அளவு மாதிரி வண்டியாகச் சேர்த்துவருகிறேன். எச்.ஓ. என்று சொல்லும் இந்த அளவில், 21.3 மீட்டர் பெட்டி 24.5 சென்டிமீட்டராகிறது, எஞ்சின் ஏறக்குறைய 20. ஜெர்மனியின் மார்க்லினும், சற்றுப் பெரிய அளவில் இங்கிலாந்தின் ஹார்ன்பியும் தங்கள் ஊர் வண்டிகளை அச்சு அசலாகச் செய்து தருகின்றன. நம் பாசஞ்சருக்கு ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டித் தானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்கள் அரளிப் பூவை மடித்து வரிசை பிசகாமல் வைப்பதைப் போல, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும்.

ஒரு குறை மட்டும் தீரவே தீராது. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். உலகமெங்கும் விற்கும் எச்.ஓ. தண்டவாளமோ 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது. அந்த மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதில் நம் பெட்டியை வைத்தால், உடம்பு அகன்றும் கால் ஒடுங்கியும் தெரியும். சரியான அகலம் வேண்டுமென்றால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் கையாலேயே செய்ய வேண்டும்.

ஓட்டுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. தண்டவாளத்தைத் துணியால் துடைத்து, 12 வோல்ட் மின்சாரத்தை மெல்லக் கூட்ட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது இந்த அளவில் நொடிக்கு 19 சென்டிமீட்டர்தான். அந்த வேகத்தில் விட்டால், பெட்டிகள் பழைய பாசஞ்சரின் அதே பொறுமையோடு வளைவில் திரும்பும். விரட்டினால் வெறும் பொம்மையாகிவிடும். எப்படி ஓட்டினாலும் பிச்சி வாசம் வராது. அது தெரிந்தும் ஓட்டுகிறேன். அந்த நேரத்தில் ஊர் எனக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

புனேயில் பாவ்சாகேப் ஜோஷி ஆசையாகச் சேர்த்த சின்ன ரயில்கள் 1998 முதல் அருங்காட்சியகமாகப் பொதுமக்கள் முன் ஓடுகின்றன. பெரம்பூரில் ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நாகர்கோவிலிலும் ஓர் அறை வேண்டும். அதில் வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி, தோவாளை என்று ஸ்டேஷன்கள் வரிசையாக நின்று, நடுவே அந்தச் செங்காவி வண்டி ஓட வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர்களும் எஞ்சினை ஓட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டு ஆல்பங்களில் பிளாட்பாரப் படங்கள் இருக்கின்றன. பெயின்ட்டின் சரியான நிறம், எழுத்தின் உயரம், ஷட்டரில் எத்தனை தகடு என்பதையெல்லாம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அளவு எழுதிவைத்த வண்டியை எந்தத் தலைமுறையும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் போனது போனதுதான்.