முத்திரை விழாத முகங்கள்

1960 செப்டம்பரில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தபால்தலைகள் வெளியாயின. 11ஆம் தேதி சுப்பிரமணிய பாரதி. 15ஆம் தேதி எம். விஸ்வேஸ்வரய்யா. இரண்டும் 15 நயா பைசா. ஆண்டுவாரியாக அடுக்கிய எந்த ஆல்பத்திலும் இருவரும் அடுத்தடுத்து இருப்பார்கள். பெங்களூரில் தபால்தலை சேர்க்கும் தமிழருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் விசேஷமானது. ஒருவர் வீட்டில் பேசும் மொழியின் கவிஞர். மற்றவர் பிழைக்க வந்த ஊரின் பெருமை.

பாரதிக்கும் தபாலுக்கும் சுமுகமான உறவு இருந்ததில்லை. புதுச்சேரியிலிருந்து அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டு, 1910ல் நின்றுபோனது. நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் கொண்டுசெல்லும் உரிமை அரை நூற்றாண்டு கழித்து அவர் முகத்துக்குக் கிடைத்தது. அதற்குள் அவர் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

விஸ்வேஸ்வரய்யாவின் கதை வேறு. உயிரோடு இருப்பவர்களுக்குத் தபால்தலை வெளியிடுவது இங்கே அபூர்வம். 1958ல், நூறு வயதைத் தொட்ட டி.கே. கார்வேக்கு அந்த மரியாதை கிடைத்தது. அடுத்தவர் இவர். 1962ல் காலமாகும்வரை, தன் படம் ஒட்டிய கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து தானே வாங்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

அன்று சாதாரணக் கடிதத்துக்கான கட்டணமும் 15 நயா பைசாதான். எனவே வேலை விண்ணப்பம், பணம் கேட்டு மகன் எழுதிய கடிதம், மாமியார் மேல் மருமகளின் புகார் எல்லாவற்றின் மேலும் இந்த முகங்கள் பயணம் செய்தன. உறையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைத்த பையன், "யார் இந்தத் தலைப்பாகைக்காரர்?" என்று கேட்டான். வீட்டில் யாராவது பதில் சொன்னார்கள். 1972ல் வ.உ.சி., 1974ல் திப்பு சுல்தான், 1988ல் டி.வி. குண்டப்பா என்று பலர் இந்த வழியாக வீட்டுக்குள் வந்தார்கள்.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. பெங்களூர் ஜி.பி.ஓ.வில் தபால்தலைப் பிரிவு இருக்கிறது. முன்பணம் கட்டிக் கணக்குத் தொடங்கினால் புதிய வெளியீடுகள் தவறாமல் கிடைக்கும். நினைவுத் தபால்தலைகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அச்சகத்திலிருந்து நேராக ஆல்பத்துக்குப் போகின்றன. ஸ்பீட் போஸ்ட் உறையில் ஒட்டப்படுவது பார்கோடு. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, 2011ல் வந்த 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில் காசு கொடுத்தால் யாருடைய படத்தையும் தபால்தலையோடு அச்சிட்டு வாங்கலாம்.

இதனால் சேகரிப்பாளருக்கு ஒரு சங்கடம். பசை கலையாத, பல் உடையாத புதுத் தபால்தலைக்குத்தான் சந்தையில் மதிப்பு. முத்திரை விழுந்தது பெரும்பாலும் மலிவு. ஆனால் ஒரு தலைவருக்கு மரியாதை செய்ய அரசு ஏன் தபால்தலையைத் தேர்ந்தெடுத்தது? சிலை நின்ற இடத்தில் நிற்கும். தபால்தலை ஊர் ஊராகப் போகும், முகம் தெரியாதவர் கையிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்துவிட்டால், வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களைத் தவிர அந்தத் தலைவர் யாருக்கும் அறிமுகமாகப் போவதில்லை.

சிலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எந்த வெளியீட்டையும் இரண்டாக வாங்குகிறார்கள். ஒன்று ஆல்பத்துக்கு. மற்றொன்றை உறையில் ஒட்டி வெளியூர் நண்பருக்கு அனுப்புகிறார்கள். கவுன்ட்டரில் இருப்பவரிடம், முகத்தின் மேல் மை அப்பாமல் ஓரமாக முத்திரை குத்தும்படி கெஞ்சுவதும் உண்டு. செலவு சில ரூபாய்தான். நண்பர் வீட்டில் ஒரு குழந்தை அந்த உறையை எடுத்து, "யார் இது?" என்று கேட்டால் போட்ட காசு வந்துவிட்டது.