தியாகதுருகம்: வெல்லப் பாகு சொல்லும் அறிவியல்

சென்னையிலிருந்து சேலம் போகிறவர்கள் உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பினால், கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தியாகதுருகம் வரும். ஊருக்கு அடையாளம் அதன் மலைக்கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக மோதிக்கொண்டார்கள். மைசூர்ப் படையும் இந்தப் பக்கம் வந்தது. சமவெளியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் போகும் பாதையில் இருப்பதால்தான் இத்தனை போட்டி.

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் இது. மேற்கே கல்வராயன் மலை, கீழே கரும்புத் தோட்டங்கள். மூங்கில்துறைப்பட்டிலும், மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. பொங்கல் நெருங்கினால் வெல்லத்துக்கு மவுசு கூடிவிடும்.

கரும்புச் சாற்றில் பெரும்பங்கு தண்ணீர்தான். அகலமான கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவார்கள். தண்ணீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறும். 118 டிகிரி செல்சியஸை ஒட்டி வெல்லப் பதம் வந்துவிடும். இன்னும் மேலே, 150 டிகிரி வரை போனால் கெட்டி மிட்டாய்ப் பதம். அனுபவசாலிகளுக்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். உருட்ட வந்தால் ஒரு பதம், 'டக்'கென்று உடைந்தால் இன்னொரு பதம். கடலை மிட்டாய் செய்யும் வீடுகளிலும் இதே சோதனைதான்.

இந்தச் சொட்டுக்குள் பெரிய அறிவியல் இருக்கிறது. சர்க்கரைப் பாகை நிதானமாக விட்டுவைத்தால் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு கற்கண்டாகும். சட்டென்று குளிரவைத்தால் வரிசை கட்ட நேரமில்லாமல், கலைந்தபடியே உறைந்துபோகும். கடலை மிட்டாயின் பளபளப்பான பாகு அப்படிப்பட்டதுதான். ஜன்னல் கண்ணாடியும் இதே வகை என்பதால் இதற்குக் 'கண்ணாடி நிலை' என்று பெயர். குளிரும்போது குழைவு போய் இந்த விறைப்பு வரும் வெப்பநிலைதான் 'கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை'. தண்ணீரில் விட்ட சொட்டு உடைந்தால், அதன் நிலைமாற்ற வெப்பநிலை அந்தத் தண்ணீரின் வெப்பத்தைவிட மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

ஈரமே இல்லாத சர்க்கரைக்கு இது சுமார் 65 டிகிரி. நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்ந்தாலே அறை வெப்பநிலை அளவுக்கு இறங்கிவிடும். அப்புறம் மிட்டாய் பிசுபிசுக்கும். அப்பளமும் முறுக்கும் நமத்துப் போவதும் இதே கதைதான். காற்றின் ஈரம் மாவுக்குள் புகுந்து அதன் நிலைமாற்ற வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடுகிறது.

வெல்லம் முழுக்கக் கண்ணாடி அல்ல. சர்க்கரைப் படிகங்களும், வரிசை கட்டாத பகுதியும் கலந்தது. அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. குளுக்கோஸுக்கு நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 31 டிகிரி, ஃபிரக்டோஸுக்கு வெறும் 5 டிகிரி அளவுதான். வெட்டிய கரும்பைக் காய்ச்சாமல் போட்டுவைத்தால் சர்க்கரை சிதைந்து இவை இரண்டும் பெருகும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் வெல்லம் சரியாகக் கட்டாது, மழைக்காலத்தில் கசியும். ஒரு வருட உழைப்புக்கான விலை சில நாள் தாமதத்தில் இறங்கிவிடும். அதனால்தான் கரும்பை வெட்டியதும் ஆட்டிவிட அவ்வளவு அவசரம்.

இந்த வெப்பநிலையை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? கார்டன், டெய்லர் என்ற இருவர் 1952இல் செயற்கை ரப்பருக்காக ஒரு சூத்திரம் தந்தார்கள். கலவையில் எது எவ்வளவு என்று தெரிந்தால் விடையை ஓரளவு சொல்லிவிடலாம். சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த கலவைக்கும் இன்று அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால், புதிதாக ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பை மட்டும் வைத்துச் சொல்வது இன்னமும் கடினம். திடப்பொருள் இயற்பியலில் தீராத ஆழமான புதிர் கண்ணாடி நிலைமாற்றமாகத்தான் இருக்கும் என்று நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் 1995இல் எழுதினார். இப்போது ஆயிரக்கணக்கான பொருள்களின் அளவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து ஊகிக்கவைக்கிறார்கள்.

இதில் பிசகினால் உயிரே போகும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். கடும் குளிரில் ரப்பர் வளையங்கள் நெகிழ்வை இழந்து, இணைப்பை அடைக்கத் தவறியதே காரணம். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மேன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் முக்கி, எல்லோர் முன்னாலும் அதைக் காட்டினார். வெல்லம் காய்ச்சுகிறவர் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் அந்த மாதிரிச் சோதனைதானே!

தியாகதுருகம் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் கோட்டை மலையில் ஏறி இறங்கிவிடுவது நல்லது. திரும்பும்போது வெல்லம் வாங்கினால் உடைத்துப் பாருங்கள். கையில் ஒட்டாமல் சட்டென்று உடைந்தால் பதம் சரி. வீட்டில் ஈரமில்லாத டப்பாவில் போட்டு இறுக மூடிவையுங்கள்.