படத்தில் தெரியாத மேடு

உக்குவளையில் காணி, வீடு விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் நானா ஒருவரிடம் நான் தொழில் பழகுகிறேன். முன்பு ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடு கல்யாண வீடாக ஓடியவர். இப்போது தரகர்களும் வீட்டுக்காரர்களும் மாத்தளையிலிருந்தும் வத்தேகமையிலிருந்தும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

கமெராவைக் கையில் தருவதற்கு முன் அவர் எனக்கு விளம்பரங்களைக் காட்டினார். பூட்டிய கேட் மட்டும் தெரியும் படம். கழிவறைப் பேசின் தனியாக. கொடியில் துணி காயும் அறை. இரவில் ப்ளாஷ் அடித்து எடுத்த குசினி. வீட்டின் முகத்தை மறைத்துப் பெரிய எழுத்தில் தரகரின் தொலைபேசி இலக்கம். 20 பேர்ச் காணிக்குப் புல்லை மட்டும் காட்டும் நாலு படம். ஒவ்வொன்றுக்கும் நானாவிடம் ஒரே கேள்விதான்: “தம்பி, இதைப் பார்த்து ஒனக்கு என்ன வெளங்குது?”

அந்தக் கேள்விதான் இந்தத் தொழிலின் அடிப்படை. படத்தைப் பார்ப்பவர் கட்டாரிலோ குவைத்திலோ வேலை செய்து காசு சேர்ப்பவராக இருக்கலாம். அவருக்காக நேரில் பார்க்க வருவது வயதான தகப்பனாகவோ மச்சானாகவோ இருக்கும். வீணாகும் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் சம்பளமும் வான் கூலியும் போகிறது. அந்தச் செலவை மிச்சப்படுத்தித் தருவது நல்ல படம்.

எங்கள் ஊரில் கமெரா அதிகம் மறைப்பது சரிவைத்தான். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலித் தண்ணீர் மலைக்குள்ளே சுரங்கம் வழியாக வந்து, உக்குவளை மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் சேர்கிறது. விழும் தண்ணீர் மின்சாரம் தரும் அளவுக்கு மேடு பள்ளமான இடம் இது. ஆனால் மேட்டைப் பார்த்து நின்று, கமெராவைச் சற்று அண்ணாந்து பிடித்து எடுத்தால், காணி பந்து விளையாடும் மைதானம் மாதிரி வந்துவிடும். கமெராவும் நிலத்தோடு சேர்ந்து சாய்வதால் எது மட்டம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

நானா என்னைக் காணியின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போவார். சரிவு இடமிருந்து வலமாக ஓடும்படி நிற்க வேண்டும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, கமெராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். “கமுகைச் சேர்த்துப் பிடி தம்பி. அது நேரா நிக்கும். பக்கத்துல நெலம் எவ்வளவு சரியுதுண்டு படமே சொல்லும்.” பிறகு எல்லைக் கற்கள். ஒவ்வொரு மூலைக் கல்லிலும் நின்று அடுத்த கல்லைப் பார்த்து ஒரு படம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஒரு ஏக்கர். இலக்கத்தைப் பார்த்தவருக்கு நிலம் மனதில் விரிய வேண்டுமானால் இந்தப் படங்கள் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்து வீடுகள் புதையுண்டன. அதன் பிறகு வாங்க வருகிறவர்கள் வீட்டின் பின்பக்கத்தைக் கேட்கிறார்கள்: பின்னால் வெட்டிய மண்மேடு, அதைத் தாங்கிக் கட்டிய மதில், மழைத்தண்ணீர் ஓடும் கான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு உள்ளதா என்பதைக் கடதாசிதான் சொல்லும். ஆனால் மதிலில் வெடிப்பு இருக்கிறதா என்பதைப் படம் காட்டலாம், காட்டத்தான் வேண்டும்.

பாதைக்கும் ஒரு முறை உண்டு. பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் இடத்தில் ஓர் ஓட்டோவை நிறுத்தி எடுப்போம். ஓட்டோவின் அகலம் சுமார் 1.3 மீற்றர். இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்தால், கல் மண் ஏற்றிய லொறி உள்ளே போகுமா என்று வாங்குபவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வீட்டுக்குள் போனால் முதல் பாடம் கைப்பேசியின் அகலக் கண்ணைத் தொடாமல் இருப்பது. 0.5 என்று காட்டும் அந்த லென்ஸ் பத்தடி அறையை மண்டபமாக நீட்டிவிடும். வாசற்படியில் முதுகு முட்ட நின்று, நெஞ்சு உயரத்தில் பிடித்து, சுவர்களின் விளிம்பு நேராக நிற்கும்படி எடுத்தால் அறை அறையாகவே இருக்கும். குசினிக்கு நானா கூடுதல் நேரம் எடுப்பார். புகை படிந்த சுவர் வெளிச்சத்தை உறிஞ்சும். ஜன்னலோ வெளுத்துக் கண்ணைக் கூசவைக்கும். மஞ்சள் பல்பை அணைத்து, பின் கதவைத் திறந்து, வெயில் நேராக விழாத நேரம் பார்த்து, ஜன்னலுக்கு ஒன்றும் அடுப்படிக்கு ஒன்றுமாக இரண்டு படம் எடுத்து இணைப்பார். புகைக்கறை அப்படியே தெரியும். அது தெரியத்தான் வேண்டும் என்பார்.

மின்கம்பத்தை அழித்துவிடு, பக்கத்து வீட்டை மறைத்துவிடு என்று கேட்கும் தரகர்கள் உண்டு. வெளிச்சத்தைத் திருத்துவோம், இருப்பதை நீக்க மாட்டோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: வீட்டு விளம்பரப் படத்தைக் கணினியில் மாற்றினால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், மூலப் படத்தையும் பார்க்கக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு விதி எங்களுக்கும் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

குடியிருப்பவர்களின் மானமும் எங்கள் கையில்தான். சுவரில் தொங்கும் பிள்ளைகளின் படங்கள், சான்றிதழ்கள், மேசையில் கிடக்கும் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லி எடுத்துவைத்த பிறகுதான் கமெரா வெளியே வரும். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எந்தக் காரணத்துக்காகவும் விளம்பரத்தில் போட விடமாட்டோம்.

காணி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வான் பிடிப்பதற்கு முன் மூன்று படம் கேளுங்கள்: உள்ளே வரும் பாதை, பக்கவாட்டில் நின்று எடுத்த சரிவு, தண்ணீர் வரும் கிணறு அல்லது குழாய். கொடுக்கத் தயங்குகிறவருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.