குச்சிப் பூ

மார்கழி 5

கல்லூரி விட்டு வந்த மருமகள், என் அண்ணன் மகள், பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். ஓர் அடி நீளக் கம்பிகள், மேலெல்லாம் பூனைமுடி போலப் பொசுபொசுவென்று. மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை. பைப் கிளீனராம். இதில் பூச் செய்து விற்கப்போகிறாளாம்.

அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒன்றை விரலில் உருட்டினாள். “என்னத்தா இது, பாட்டில் கழுவுற பிரஷ்ஷா?”

கேட்டது தப்பில்லை. இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவே இழைகளைக் கொடுத்து முறுக்குவதுதான் இரண்டுக்கும் செய்முறை. சுங்கான் பிடிக்கிறவர்கள் குழாயில் அடைகிற கரியைத் துடைக்க வந்த சாமான் இது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்தது. பிறகு பிள்ளைகள் கையில் விளையாட்டாகி, பஞ்சு இழை போய்ச் செயற்கை இழை வந்து, சாயமும் ஏறிவிட்டது. கோவில்பட்டியில் சுங்கான் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றவைக்கிற குச்சி எங்கள் ஊர்ச் சரக்கு. துடைக்கிற குச்சி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

மார்கழி 6

டூலிப் கற்றுக்கொண்டேன். குச்சியை இரண்டாக மடித்து, நடுவை அகட்டி இலை வடிவாக்கி, அடியில் இரண்டு முறுக்கு. இப்படி ஆறு இதழ். ஏழாவது பச்சைக் குச்சி, காம்பு. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் உதவாது, முனை மழுங்கிவிடும், கட்டிங் பிளேயர்தான். வெட்டின நுனியை உள்ளே மடித்துவிட வேண்டும். மடிக்காமல் விட்டு ஆள்காட்டி விரலில் ரத்தம் பார்த்தேன். என் முதல் டூலிப் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. மருமகள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

மார்கழி 9

விடியக்காலை கோயிலுக்குப் போனேன். இங்கே சாமி பேர் பூவனநாதர், அம்மன் செண்பகவல்லி. பூவனமும் செண்பகமும் பேரில் இருக்க, சன்னதித் தெருவில் பூ வாங்கினால் முழத்துக்குச் சொல்கிற விலையில் கை பின்வாங்குகிறது. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்தும் குறைவு.

திரும்பி வந்தால் வீட்டில் ஒரு கூத்து. ஜாடியில் வைத்திருந்த வெள்ளை டூலிப்புகளுக்கு அம்மா தண்ணீர் தெளித்திருக்கிறாள், இரண்டு நாளாக. அறுபது வருசப் பழக்கம், பூவைக் கண்டால் கை தானாகச் செம்புக்குப் போகிறது. கம்பி துருப்பிடித்து அடியிதழெல்லாம் காவிக்கறை. “வாடிரக் கூடாதேன்னு தெளிச்சேன்” என்றாள். யாரைத் திட்டுவது?

மார்கழி 13

இன்று கணக்குப் போட்டோம். நூறு குச்சி 120 ரூபாய். ஒரு டூலிப்புக்கு ஏழு குச்சி, 8 ரூபாய் 40 காசு. விலை 30. கையில் 21 ரூபாய் 60 காசு. கை பழகிய பிறகும் ஒரு பூவுக்கு இருபது நிமிடம்.

“குரோசுக்கு எம்புட்டு நேரம்?” என்றாள் அம்மா.

அவளுக்கு எதையும் குரோசில்தான் கேட்கத் தெரியும். பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். தீக்குச்சிகளை வரிசையாக்கிக் கட்டை அடுக்கினாள், பெட்டி ஒட்டினாள், கல்யாணமான பிறகும் வீட்டுத் திண்ணையில் பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் குரோசுக்கு இவ்வளவு என்று பேசின கூலி. ஒரு குரோஸ், 144. அவ்வளவு டூலிப்புக்கு 48 மணி நேரம், 1008 குச்சி. கேட்டுவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மருமகளுக்குத்தான் முகம் சுருங்கியது.

பாக்கெட்டின் முதுகில் சீனா என்று அச்சடித்திருக்கிறது. சீன லைட்டர் வந்துதான் தீப்பெட்டிக்குக் கேடு என்று இந்த ஊரே கத்திக்கொண்டிருந்தது. பதினாலு வருசம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023-இல் தடை வந்தது. அப்படிப்பட்ட ஊரில், தீப்பெட்டி ஆபீஸ்காரியின் பேத்தி சீனக் குச்சியை வைத்துத் தொழில் தொடங்குகிறாள். எனக்கு இதில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை. குச்சி மாறியிருக்கிறது, கூலிக்கணக்கு மாறவில்லை என்றுதான் தோன்றியது.

மார்கழி 20

டூலிப் அலுத்துவிட்டது. நான் நேரில் பார்த்தே இராத பூ அது. மதினியோடு காட்டுப்பக்கம் போனபோது பருத்தி பூத்திருந்தது; ஒன்றைப் பறித்து வந்து எதிரே வைத்துக்கொண்டேன்.

பருத்திப்பூ லேசுப்பட்டதில்லை. ஐந்து இதழும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சுருண்டிருக்கும், பாதி விரிந்த குடை மாதிரி. வெளியே பச்சையில் பல்லுப்பல்லாக வெட்டுப்பட்ட மூன்று மடல். காலையில் பூத்தது வாடும்போது சிவந்துவிடும். மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று செய்து ஒரே கொம்பில் கட்டினேன். செடியிலும் அப்படித்தான் இருக்கும். மடலின் பல்லுக்குப் பச்சைக் குச்சியைத் துண்டு துண்டாக நறுக்கியதில் ஒரு மத்தியானம் போயிற்று. கரிசல்காட்டுக்காரர் யார் இதைப் பார்த்தாலும் பருத்தி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள்கூடக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

போகி

காப்புக் கட்ட ஆவாரம்பூ, வேப்பிலை, கண்ணுப்பிள்ளை எல்லாம் காலையிலேயே வந்துவிட்டது. அம்மா கண்ணுப்பிள்ளைக் கொத்தில் ஒன்றை உருவி, பக்கத்தில் கிடந்த வெள்ளைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்தாள். காம்பைச் சுற்றி அதே வெண்பஞ்சு, அதே பொசுபொசுப்பு.

“இதுக்கு எதுக்கு இருவது நிமிசம்?” என்று குச்சியை நாலாக வெட்டினாள், நுனி மடித்தாள், பச்சைக் கம்பியில் ஏழெட்டைச் சேர்த்து முறுக்கினாள். மூன்றே நிமிடம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்ததை எடுத்தபோது என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டை அடுக்கிய விரல்கள்.

வாசலில் நிஜக் காப்பைக் கட்டிவிட்டு வந்தேன். அதற்குள் அம்மா முன்னால் பன்னிரண்டு கொத்து, ஒரு டஜன் வரிசையாக. மருமகளுக்குக் கல்லூரியிலிருந்து போன். பொங்கல் கழித்து 24 டூலிப் வேண்டுமாம், எல்லாம் இளஞ்சிவப்பில். வெள்ளைக் குச்சி மட்டும் தீர்ந்துவிட்டது.