காலியாய்க் கிடந்த நான்கு இருக்கைகள்

அரபு மொழியில் 'ஷைக்' எனும் சொல்லுக்கு முதியவர் என்பதே முதற்பொருள். அறிஞர், தலைவர் என்பன அதன் வழிவந்தவை. எகிப்து நாட்டார் தம் மேலவைக்கு 'மஜ்லிஸுஷ் ஷுயூக்' என்று பெயர் சூட்டியுள்ளனர். ஐரோப்பியர் வழங்கும் 'செனட்' எனும் சொல்லும் முதியவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வயிற்றில் பிறந்ததே. நம் நாட்டிலோ, 1952 ஏப்ரல் 3-இல் அமைக்கப்பெற்ற மேலவைக்கு 1954-இல் 'ராஜ்ய சபா' என்ற பெயர் வந்தது. தமிழில் அதனை மாநிலங்களவை என்கிறோம். முதுமை இங்கே பெயரில் இல்லை. மாநிலமே பெயரில் நிற்கிறது. அப்பெயரைத் தாங்கிய அவையில், எல்லையோரத்துப் பெருநிலம் ஒன்றின் இருக்கைகள் அனைத்தும் ஏறத்தாழ 4 ஆண்டுகள் 8 மாதங்கள் வெறுமையாய்க் கிடந்தன என்பதை வாசக அன்பர்களுள் எத்தனை பேர் கருதிப் பார்த்திருப்போம்?

ஜம்மு காஷ்மீருக்கு மாநிலங்களவையில் உரிய இடங்கள் நான்கு. 2015 பிப்ரவரியில் நால்வர் ஒருசேரத் தேர்வாயினர். 2019 ஆகஸ்டு 5-இல் அம்மாநிலத்தை இரு ஒன்றியப் பகுதிகளாய்ப் பிரிக்கும் மசோதா முதலில் வந்ததும் இந்த மேலவைக்கே. ஆதரவு 125, எதிர்ப்பு 61 என அது நிறைவேறிற்று. அன்று அந்நால்வரும் உறுப்பினராய் இருந்தனர். எதிர்க்கட்சித் தலைவராய் விளங்கிய குலாம் நபி ஆசாத் எதிர்த்து உரையாற்றினார். வேறு இருவர் அரசியல் சாசனப் பிரதியைக் கிழித்து, அவையினின்றும் வெளியேற்றப்பட்டனர். அச்செயல் முறையன்று, ஆயினும் தம் மண்ணின் தலைவிதி எழுதப்படும் வேளையில் முறையிடவேனும் அம்மண்ணின் ஆட்கள் அங்கே இருந்தனர் அன்றோ?

2021 பிப்ரவரி 10-இல் இருவரும், 15-இல் இருவரும் பதவிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றனர். ஆசாத் அவர்களுக்கு விடைகொடுக்கையில் பிரதமர் குரல் தழுதழுத்ததை நாடே கண்டது. கண்ணீர் உலர்ந்தது, இருக்கைகள் நிரம்பவில்லை. காரணம் எளியது. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்போர் சட்டமன்ற உறுப்பினர்கள். ஜம்மு காஷ்மீர்ச் சட்டமன்றமோ 2018 நவம்பரிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வாக்காளரே இல்லாத தேர்தலை யார் நடத்துவது?

இதன் பொருளை நம் மாவட்டத்தை வைத்தே விளக்கலாம். விருதுநகர் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் ஏழு. தமிழகம் முழுமைக்கும் 234. ஆறு இடங்களுக்குத் தேர்தல் வருமாயின் ஓர் இடத்திற்கு 34 வாக்குகள் வேண்டும். ஆக, நம் எழுவரும் ஒன்றுபட்டாலும் ஒருவரை அனுப்பவியலாது; எனினும் அனுப்பப்படும் 18 பேரிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 2025 ஜூலை 24-இல் தமிழக உறுப்பினர் அறுவர் ஓய்வு பெற, மறுநாளே புதியவர்களின் காலம் தொடங்கிற்று. அவ்வறுவருள் நம் சமுதாயத்துக் கவிஞர் சல்மாவும் ஒருவர். நமக்கு ஒரு நாளும் இடைவெளி இல்லை. அவர்களுக்கு ஆண்டுகள் உருண்டன.

விருதுநகர்ச் சந்தையில் காஷ்மீர் ஆப்பிள் பெட்டிகளைக் காண்கிறோம். அதற்கு மேல் அவர்களோடு நமக்கென்ன உறவு என்று கேட்போர் உளர். சிவகாசி வட்டாரத்தார் அப்படிக் கேட்கலாகாது. வெடிபொருள் ஒன்றிய அரசின் பட்டியலில் அடங்கியது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இன்றும் நம் ஆலைகளை ஆள்கிறது. உரிமம் வழங்கும் துறையின் தலைமையகம் நாகபுரியில். பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை 2018-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. மருந்து செலுத்தும் கைகள் இங்கே. விதி எழுதும் கைகள் தொலைவில். தொலைவில் எழுதப்படும் இடத்தில் நமக்காகப் பேசுவார் ஒருவர் இருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

2025 ஏப்ரல் 4-ஆம் நாள் அதிகாலையில் வக்பு திருத்த மசோதா மாநிலங்களவையில் 128-க்கு 95 என நிறைவேறிய பின், நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர், "ஹஜரத், காஷ்மீர் மெம்பர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள்?" என வினவினார். "எந்தப் பக்கமும் இல்லை, அவர்கள் அங்கே இல்லவே இல்லை" என்று விடையிறுத்தோம். மாணவர் வியந்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் அப்பகுதியின் சட்டமன்றம் அனுப்பிய குரல் ஒன்றேனும் அவ்விரவில் அங்கு ஒலிக்கவில்லை. அதற்கு முன்பே, 2023 டிசம்பர் 11-இல், ஜம்மு காஷ்மீரைப் பற்றியே அமைந்த இரு மசோதாக்களும் இவ்வாறே அவர்களின்றி மேலவையைக் கடந்தன. மக்களவையில் அப்பகுதியினர் ஐவர் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் மக்களவை உண்டென்பதற்காக மேலவையில் இடம் வேண்டாமென எந்த மாநிலம் சொல்லும்?

ஜம்முவைச் சேர்ந்த குலாம் அலி 2022-இல் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டாரே என்று சிலர் கூறலாம். நியமனம் வேறு, பிரதிநிதித்துவம் வேறு. இரண்டாம் அகபா உடன்படிக்கையின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பன்னிரு நகீபுகளைத் தாமே நியமிக்கவில்லை. மதீனத்து மக்களையே தேர்ந்து தரும்படி பணித்தார்கள். கஸ்ரஜ் கோத்திரத்தார் ஒன்பதின்மரையும், அவ்ஸ் கோத்திரத்தார் மூவரையும் தந்தனர். இறைத்தூதரே தேர்வை மக்களிடம் விட்டார்கள் எனில், அதன் நுட்பம் எண்ணற்பாலது.

பிரதிநிதி அம்மண்ணில் பிறந்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. திருநெல்வேலிப் பேட்டையில் தோன்றிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப், 1952 முதல் 1958 வரை சென்னை மாநிலத்தின் சார்பில் மாநிலங்களவையில் வீற்றிருந்தார். பின்னர் மலபாரின் மஞ்சேரி மக்கள் அவரை 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மக்களவைக்கு அனுப்பினர். மற்றோர் எல்லை மாநிலமான அஸ்ஸாமின் உறுப்பினராய் 1991 முதல் 2019 வரை இருந்தவர், பஞ்சாபியரான மன்மோகன் சிங். வேட்பாளர் அம்மாநில வாக்காளராய் இருக்க வேண்டுமென்ற விதியே 2003-இல் நீக்கப்பட்டது. பிறப்பன்று முதன்மை, அனுப்பியவர் யார், யாருக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவர் என்பதே முதன்மை.

2024 அக்டோபரில் புதிய சட்டமன்றம் அமைந்தும், மேலும் ஓராண்டு கழிந்து, 2025 அக்டோபர் 24-இல்தான் நான்கு இடங்களும் நிரம்பின. தேசிய மாநாட்டுக் கட்சி மூன்றையும் பாரதிய ஜனதா கட்சி ஒன்றையும் பெற்றன. நன்று. ஆனால் லடாக்? அதற்குச் சட்டமன்றமும் இல்லை. ஆகவே மேலவையில் இடமும் இல்லை. முன்னர் ஜம்மு காஷ்மீரின் நான்கில் அதற்கிருந்த பங்கும் 2019-க்குப் பின் அற்றுப்போயிற்று. பௌத்தர் மிகுந்த லேயும் முஸ்லிம்கள் மிகுந்த கார்கிலும் இன்று ஒரே குரலில் மாநிலத் தகுதி கேட்கின்றன. 2025 செப்டம்பர் 24-இல் லே நகரில் நால்வர் உயிரிழந்தது அக்கோரிக்கையின் நடுவேதான்.

மாநிலங்களவை கலையாத அவை. மூன்றில் ஒரு பகுதியினர் ஈராண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவது அதன் இயல்பு. ஜம்மு காஷ்மீரின் நால்வரோ 2031-இல் மீண்டும் ஒரே வேளையில் விலகவிருக்கின்றனர். அவர்தம் காலங்களை மாற்றி அமைப்பதும், சட்டமன்றம் கலைந்த நாளிலிருந்து குறித்த காலத்திற்குள் தேர்தல் நடந்தே தீர வேண்டுமென விதிப்பதும் ஆகாத செயல்கள் அல்ல. எல்லையோரத்தான் முதலில் குண்டோசை கேட்பவன். அவனுடைய குரல் மட்டும் கடைசியில் கேட்கப்படுதல் நீதியாகாது.