துளைக்குள் இருந்த சாக்கு

2013இல் நான் நடத்திய ஒரு கட்டுமான வழக்கில் விழுந்த சுவரும் கிடையாது, காயம்பட்ட ஆளும் கிடையாது. சென்னைக்கு மேற்கே, கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் 1998இல் எழுப்பிய பிரிகாஸ்ட் ஷெட் அது. தூண், பீம், கூரைப் பலகை எல்லாவற்றையும் வேறிடத்தில் வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் தூக்கி அடுக்கிய கட்டடம். பதினைந்து ஆண்டு ஒரு குறையும் இல்லாமல் நின்றது. என் கட்சிக்காரரான ஆலை முதலாளியிடம் சரக்கு எடுக்கும் ஐரோப்பிய நிறுவனம், நிலநடுக்கத்தில் இந்த ஷெட் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கித் தந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று சொன்னதும் சிக்கல் ஆரம்பித்தது.

அவர்கள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு, 2012 மே 20ஆம் தேதி, இத்தாலியின் எமிலியா பகுதியில் விடியற்காலை நான்கு மணிக்குப் பூமி அதிர்ந்தது. இரவு ஷிஃப்டில் இருந்த தொழிலாளர்கள் சிலர் ஷெட்டுகளுக்குள்ளேயே இறந்தார்கள். ஒன்பது நாள் கழித்து, பல ஆலைகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த வேளையில், காலை ஒன்பது மணிக்கு இரண்டாவது பெரிய அதிர்ச்சி. சான் ஃபெலிச்சே என்ற ஊரில் கட்டடத்தைச் சோதிக்க வந்த பொறியாளரும், வேலைக்குத் திரும்பியிருந்த தொழிலாளர்களும் ஒரே கூரையின் கீழ் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர். அங்கே பல ஷெட்டுகளில் பீம்கள் தூண்களின் மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பிடித்திருந்தது சொந்த எடையும் உராய்வும் மட்டுமே. 2003 வரை அந்தப் பகுதியின் பெரும்பகுதி நிலநடுக்க மண்டலப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே அவற்றில் பெரும்பாலானவை அந்தந்தக் காலத்துச் சட்டத்தை மீறாமல் கட்டப்பட்டவைதான்.

எங்கள் ஷெட்டின் வரைபடம் அந்த இத்தாலிய ஷெட்டுகளுடையதைவிட நல்லது. ஒவ்வொரு தூணிலும் பீமைத் தாங்கும் கையிலிருந்து இரண்டு டவல் கம்பிகள் மேல்நோக்கி எழ வேண்டும், பீமின் முனையில் விட்ட துளைக்குள் அவை நுழைய வேண்டும், துளை முழுக்க சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்ப வேண்டும் என்று தெளிவாக வரைந்திருந்தார்கள். பொறியாளர் சாரம் கட்டி ஏறி, துளையின் மேல்பூச்சில் சிறு ஓட்டை போட்டு, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கேமராவை உள்ளே விட்டார். கீழே நின்றபடி நான் திரையைப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் உயரத்துக்குக் கலவை, அதற்கடியில் சுருட்டித் திணித்த கோணிச்சாக்கு, அதற்குக் கீழே வெறும் இடம். கம்பி இருந்தது, துருவும் இருந்தது, அதைப் பீமோடு பிணைப்பதற்கு எதுவும் இல்லை. தூசி விழாமல் அடைத்த சாக்கை எடுக்க மறந்தார்களோ, கலவையை மிச்சப்படுத்தினார்களோ, யாருக்குத் தெரியும். திறந்து பார்த்த மூட்டுகளில் பாதிக்குமேல் இதே கதி.

ஒப்பந்ததாரர்மேல் வழக்கு என்றால், முதல் கேள்வி காலவரையறை. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வர வேண்டும். மீறல் நடந்தது 1998இல், நாங்கள் வந்ததோ 2013இல். மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால் மட்டும், அது தெரியவந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான அக்கறை காட்டியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து, கணக்குத் தொடங்கும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 17ஆம் பிரிவில் ஒரு வாசல் வைத்திருக்கிறது. சாக்கின் மேல் பூசிய அந்த இரண்டு விரல் கலவைதான் மறைப்பு என்பது என் வாதம். கட்டிய காலத்தில் உங்கள் பொறியாளரே தளத்தில் நின்று எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அன்றைக்கே குத்திப் பார்த்திருக்கலாமே என்பது எதிர்வாதம். அதில் சாரம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர்களுடைய இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. கட்டியபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்தது. 2001 ஜனவரி 26 அன்று புஜ் நகரை நொறுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002இல் நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐஎஸ் 1893 விதித்தொகுப்பைத் திருத்தியபோதுதான் சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. திருத்திய தொகுப்பின் கணக்கில் நிலநடுக்க விசைக்கான மண்டலக் காரணி இரண்டாம் மண்டலத்துக்கு 0.10, மூன்றாவதற்கு 0.16. பின்னால் வந்த விதியை வைத்து முன்னால் கட்டியவனைக் குற்றம் சொல்லலாமா? 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான அதிர்வைச் சென்னை முழுக்க உணர்ந்ததே, அப்போதும் இந்த ஷெட்டில் ஒரு பீம்கூட நகரவில்லையே என்றார்கள். எங்கள் பொறியாளர் நிதானமாகப் பதில் சொன்னார். அது நடுத்தர அளவு அதிர்வு, மையமும் தொலைவில் இருந்தது. பக்கத்தில் வரும் அதிர்வு பூமியை மேலும் கீழுமாகவும் உலுக்கும். பீம் ஒரு கணம் எடை குறைந்து நிற்கும் அந்த நேரத்தில் உராய்வும் குறைந்துவிடும், பக்கவாட்டு உதையும் அப்போதே வரும் என்றார். எமிலியாவின் ஷெட்டுகளும் அந்த மே மாதம் வரை பல ஆண்டுகள் நின்றவைதானே என்றும் கேட்டார்.

இதற்கிடையில், வழக்கின் ஆவணங்களில் எங்கும் இல்லாத ஒரு பிரச்சினை என் அறையில் இருந்தது. அன்று நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 7ஏ பிரிவு, தொழிலாளர் பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்யும் கடமையைத் தொழிற்சாலையை நடத்துபவர்மேல் வைத்தது. 40ஆம் பிரிவின்படி, கட்டடம் உயிருக்கு ஆபத்தானது என்று ஆய்வாளர் கருதினால் சரிசெய்யச் சொல்ல முடிந்தது, ஆபத்து உடனடியானது என்றால் பயன்படுத்தவே தடை விதிக்க முடிந்தது. அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து முதலாளி ‘தெரிந்தவர்’ ஆகிவிட்டார். நாளை ஏதாவது நடந்தால் அந்த அறிக்கையே அவருக்கு எதிரான சாட்சி. அடுத்த காம்பவுண்டில் அதே மாதிரி ஷெட் வைத்துக்கொண்டு யாரையும் ஏணி ஏற விடாதவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சோதித்துப் பார்த்தவர் மாட்டிக்கொள்கிறார், பார்க்காதவர் நிம்மதியாக இருக்கிறார். நியாயம் கேட்டு வந்த என் கட்சிக்காரர், ‘இதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் சார்’ என்று சொன்னபோது எனக்கு மனம் கசந்தது. ஏனென்றால் சட்டம் அவரை அப்படித்தான் யோசிக்க வைத்தது.

எமிலியாவில் இதைத்தான் மாற்றினார்கள். 2012 ஜூன் 6ஆம் தேதி போட்ட அவசரச் சட்டம், பாதிக்கப்பட்ட பகுதியில் உற்பத்தியைத் தொடங்குமுன் மூன்று குறைகள் நீங்கியதாகச் சான்று வேண்டும் என்றது: பீம்-தூண் இணைப்பு இல்லாமை, சரியாகப் பிணைக்காத சுவர்ப்பலகை, சாயக்கூடிய கனமான ரேக். பிறகு முழுமையான மதிப்பீடு. புதுக் கட்டடத்துக்குரிய பாதுகாப்பில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை அந்த அளவுக்காவது உயர்த்த வேண்டும். கடமை எல்லோருக்கும் பொது என்றானதும், பார்க்காமல் இருப்பதில் லாபம் இல்லாமல் போயிற்று.

எங்கள் வழக்கில் ஒப்பந்ததாரர் தரப்பு, கூட்டு ஆய்வு முடியும்வரை எந்த மூட்டையும் தொடக் கூடாது என்று கேட்டது. சாட்சியம் கலையக் கூடாது என்ற அளவில் அது சரியான கோரிக்கையே. ஆனால் அந்த மூட்டுகளுக்குக் கீழே மூன்று ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வு நாளில் பிரஸ் ஆபரேட்டர் ஒருவர் என்னருகே வந்து, ‘வக்கீல் சார், கேஸ் முடியிறவரைக்கும் எங்க மெஷினையாவது அந்தப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்களேன்’ என்றார். அந்த மனிதர் வழக்கில் கட்சிக்காரர் இல்லை, சாட்சியும் இல்லை. அடிபட்ட பிறகு அவருக்கு இழப்பீட்டுச் சட்டம் உண்டு. அடிபடுமுன் வாய் திறந்து கேட்க அவருக்கென்று எங்கள் அறையில் ஒரு நாற்காலி இல்லை. நான் இடைக்கால மனு போட்டேன். வழக்கு நடந்தது நீதிமன்றத்தில் அல்ல, ஒரு நடுவர் முன்பு; நடுவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அதிகம் யோசிக்கவில்லை. ஒரே ஒரு பகுதியைக் காலிசெய்து, வேலி போட்டு, சாட்சியத்துக்காக அப்படியே வைக்கச் சொன்னார். மற்ற மூட்டுகளில் இருபுறமும் எஃகு ஆங்கிள் வைத்து போல்ட் முடுக்க அனுமதித்தார். வேலை முடிந்த அன்றைக்கு எனக்கிருந்த நிறைவு, பிற்பாடு தீர்ப்பு வந்த அன்று இல்லை.

தீர்ப்பில் தோற்றோம். மோசமான வேலை வேறு, மோசடி வேறு; வேண்டுமென்றே மறைத்ததற்கு ஆதாரம் இல்லை; ஆகவே காலம் கடந்துவிட்டது என்றார் நடுவர். நடுவர் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போனாலும், சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள். செலவு முழுவதையும் முதலாளியே ஏற்றார். சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. முடிவே இல்லாமல் ஒருவன் தலைமேல் வழக்கு தொங்கக் கூடாது என்பதும் நியாயம்தான். ஆனால் காலவரையறை அந்த வெற்றுத் துளைகளைச் சரியாக்கிவிடவில்லை.

அதே ஒப்பந்ததாரர், அதே ஆண்டுகளில், அந்த வட்டாரத்தில் வேறு ஷெட்டுகளும் எழுப்பியிருந்தார். நடுவர் விசாரணை மூடிய அறையில் நடப்பது, தீர்ப்பு இரு தரப்புக்கும் மட்டுமே போகும். அந்த ஷெட்டுகளின் உரிமையாளர்களுக்கு இதைச் சொல்லும் கடமை எந்தச் சட்டத்திலும் யாருக்கும் இல்லை. இப்போதெல்லாம் பழைய பிரிகாஸ்ட் ஷெட் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ என்னிடம் பத்திரம் எழுத வருபவர்களுக்கு ஒரு ஷரத்து சேர்க்கிறேன்: முன்பணம் கொடுக்குமுன், வாங்குபவர் குறிக்கும் மூட்டுகளை விற்பவர் செலவில் திறந்து காட்ட வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் மறுக்கிறார்கள். மறுத்த ஷெட்டை வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.