எடைக்குப் போன பெயர்

பொள்ளாச்சி மண்ணுள் பானையோடு கிடந்த வெள்ளிக்காசே, உன்னைப் புதைத்தவர் ஏன் தோண்ட வரவில்லை? 1800-இல் இவ்வழி வந்த பயண எழுத்தாளர் புக்கானன் கையில் உன் கூட்டத்தார் அறுவர் சேர்ந்தனர். முகத்தில் ரோமப் பேரரசர் அகஸ்தஸ், திபேரியஸ். 1842-இல் வெள்ளலூரில் இன்னும் 522 பேர் எழுந்தனர்.

தெனாரியஸ் என்பது உன் பெயர்; பத்து அடங்கியது என்று பொருள். பத்து வெண்கலக் காசுக்கு நீ ஈடாயிருந்த காலத்தில் இட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே அது பதினாறாயிற்று; பெயர் மட்டும் பத்திலேயே நின்றது. பிறந்த ஊரிலேயே பொருள் செத்த பெயரைச் சுமந்து, மிளகு நாடியோர் மடியில் கடல் கடந்து, ஆனைமலை அடிவாரம் வந்தாய்.

இங்கே உன் பெயரை யார் கேட்டார்? நிறுத்து வாங்கினோம். புக்கானனும் எடைதான் குறித்தார்: 56 கிரெய்ன். ஆற்றில் வந்த பசுங்காயைத் தின்றதற்காகக் கொல்லப்படவிருந்த பெண்ணுக்கு ஈடாக 81 களிறும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவோம் என்றார்களாம், அரசன் நன்னன் இசையவில்லை. குறுந்தொகை சொல்லும் அந்த விலையில் தலைக்கணக்கு உண்டு, எடை உண்டு. காசின் பெயர் இல்லை. அவளே மாசாணியம்மனாகப் படுத்திருக்கிறாள் என்பது எங்கள் ஊர் வழக்கு.

உன் பெயரோ வேறு வழி போயிற்று. குப்தர் பொன் தீனாரமானது. குவைத்துக்குப் போன நம் பிள்ளைகள் இன்று தினாரில் சம்பளம் எண்ணுகிறார்கள். அந்தத் தாளில் வெள்ளி ஏது? உடல் கிடந்த மண்ணில் பெயர் ஒட்டவில்லை. பெயர் வாழும் இடத்தில் உடல் இல்லை.

எங்கள் அணாவும் அப்படித்தான். பதினாறு அணா ஒரு ரூபாய். பதினாறு, உன் எண்ணேதான். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய் நூறு புதுக்காசானபோது, ஓரணா ஆறே கால் காசாக உடைந்து எந்த நாணயத்திலும் அடங்காமல் மாண்டது. நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று சரியாக விழுந்ததால் வாயில் தங்கின. 2011 ஜூன் முடிவில் 25 பைசாவும் செல்லாமற்போயிற்று.

அம்மிச்சி முந்தி முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்ப்பார். வேர்வையும் வெற்றிலைச் சுண்ணாம்பும் அப்பிய ஐம்பது பைசா வெளிவரும். அணா என்று அதில் ஓர் எழுத்துமில்லை. "இந்தா கண்ணு, எட்டணா."

அந்தச் சேலையோடேதான் அவரை மண்ணில் வைத்தோம். முந்தியில் முடிச்சு இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை.